ஒரு குண்டு மிச்சம்

கோண்டாவில் டிப்போவடியில்
இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு ஏற மறுத்து
எஞ்சின் மட்டும் கத்த, நின்றது கார்.
பின்னால் வந்த மினிபஸ்காரன்
என் பரம்பரை முழுவதையும் விசாரித்தான்.

கராஜில் சொன்ன தொகைக்குக்
காரின் பாதியை விற்கவேணும்.
பிரதாபன் ஒன்றும் பேசவில்லை.
பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்து
இரவு பஸ்ஸின் வயிற்றில் போட்டு எடுப்பித்தான்,
உரப்பையில் சுற்றிய
யாரோ ஒருவருடைய காரின் கியர்பொக்ஸை.

கழுவிப் பார்த்தால்
அதன் கோதில் மயிர்போல ஒரு வெடிப்பு.
அதற்கு உள் நல்லது, கோது கூடாது.
எங்களுடையதற்குக் கோது நல்லது, உள்ளே கரி.
"ரெண்டையும் ஒண்டாக்குவம்" என்றான்,
மிச்சக் கறிகளைச் சொல்வதுபோல.

போர்ட்டிகோவில் நாலு சனிக்கிழமை.
பனைமரச் சிலாகையைக் குறுக்கே போட்டு
எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு
பழைய மெத்தைமேல் இறக்கினோம்.
எழுபது கிலோ என்றான்.
என் நாரி வேறு கணக்குச் சொன்னது.

போனுக்குள் ஒரு ரஷ்யன்.
முகம் காட்டவே மாட்டான்.
சொல்வதில் ஒரு சொல் விளங்காது,
நகத்தடியில் ஒயில் கறுத்த விரல்கள் விளங்கும்.
அவன் இருமினால்
அடுத்தது கஷ்டமான இடம் என்று கண்டுபிடித்தோம்.

எனக்குத் தந்த வேலை எண்ணுவது.
சங்கக்கடையில் பதினொரு வருடம் இருப்பெடுத்தவள்.
பேப்பரின் மரண அறிவித்தல் பக்கங்களை விரித்து
ஒவ்வொரு படத்தின்மேலும் ஒவ்வொன்றாய் வைத்தேன்.
அளவெட்டியைப் பிறப்பிடமாகவும்
ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர்
ஒரு ஸ்பிரிங்கைத் தாங்கிக்கொண்டிருந்தார்.
காற்று வந்தபோது
அவர்தான் பறக்காமல் இருந்தார்.

புதுக் கிளச் தட்டுகள்
ஆரணி குழந்தையில் குளித்த பேசினில்
இரவு முழுக்கச் சிவப்பு ஒயிலில் ஊறின.
வால்வுப் பலகையைக் கவிழ்க்கும்போது விழாதிருக்க
மிளகளவு இரும்புக் குண்டுகளை
வாசலின் பூசி ஒட்டினேன்.
ஏழு குழி, ஏழு குண்டு.

கொன்வேர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளினால்
மூன்று தரம் டக் என்று உட்காரவேண்டும்.
இரண்டு கேட்டது.
போல்ட்டை எடுத்தவனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.
"இன்னும் ஒண்டு."
"காணும், வத்சலா."
"இன்னும் ஒண்டு கிடக்கு."
இரவு ஒரு மணிக்குப் பிறகு வந்தது அது,
யாரோ கதவுத் தாழைப் போட்டதுபோல.
அவன் நிலத்திலேயே படுத்துச் சிரித்தான்.

ஞாயிறு காலை ரிவர்ஸ் விழுந்தது.
கேற்றைத் தாண்டி
வாய்க்காலுக்கு அரையடி முன்னால் பிரேக்.
பிறகு டிரைவ்.
பலாலி வீதிப் பக்கம் சத்தம் தேய்ந்துபோனது.

பேப்பர்களைச் சுருட்டும்போது ஆரணி சொன்னாள்:
"அம்மா, ஒரு குண்டு கிடக்கு."
மதிலுக்கு அங்கால் தும்புத்தடிச் சத்தம் நின்றது.
"சின்னன் பிள்ளை, கியர்பொக்ஸிட சாமான்" என்றேன் பெலத்து.
சற்றுப் பொறுத்தே திரும்பக் கூட்டத் தொடங்கினார்கள்.

எங்கள் பெட்டியில் ஏழு. வந்ததில் ஏழு.
போட்டது ஏழு.
மிச்சம் ஏழு இருக்கவேண்டும்.
மூன்றுதரம் எண்ணினேன்.
எட்டு.

அவன் திரும்பி வந்தான்,
கையில் சூடான ரோல்ஸ்,
நெற்றியில் ஒயில் கோடு.
"மூண்டு விழுந்ததே தெரியேல்ல" என்றான்.
வாயைத் திறந்தேன்.
ரோல்ஸைக் கடித்தேன்.

இப்போது அது என் பேர்ஸில்
சில்லறையோடு கிடக்கிறது.
ஒருமுறை கண்டக்டரிடம் நீட்டியும்விட்டேன்.

காரில் போகும் நாட்களில்
டிப்போ தெரியத் தொடங்கியதும்
றேடியோவின் சத்தத்தைக் குறைப்பேன்.
ஏனென்று அவன் கேட்டதில்லை.
மூன்று விழுந்து
சந்தி தாண்டிய பிறகு
அவன்தான் கை நீட்டிக் கூட்டுவான்.